பன்னிரண்டு ஹீரோக்கள்

காளிதாஸ் எம்பிஏ படிக்கிறான் என்று லாயாங் லாயாங் ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. நம்பவைத்தவனே காளிதாஸ்தான். உண்மையில் அவன் ஜேபி என்கிற ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். சிங்கப்பூர் வேலையை நம்பி வாழும் தமிழ் ஆண்கள், அந்த வேலை ஆட்டம் கண்டால் தங்களை எப்படி ஆம்பளை என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. மனைவி பிறந்த அந்த ஊரில் போய் இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொன்ன மறுநாளே யாராவது லேகியக் கடை விலாசத்தை வாட்சாப்பில் அனுப்பிவைப்பார்கள்.

அவனுக்கு முப்பத்தொன்பது வயது. பதினான்கு வருஷம் சிங்கப்பூரில் டெக்னீஷியன். விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்து, எல்லைப் பாலத்தில் ஆயிரம் பேரோடு முட்டி மோதி, மழையில் நனைந்து, போகிற வழியிலேயே காய்ந்து வேலைக்குப் போன உடம்பு. ஒருநாள் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு வியட்நாமுக்குப் போய்விட்டது. அதே மாதத்தில் மனைவி வாசுகிக்கு, அவளும் சிங்கப்பூரில்தான் வேலை, சூப்பர்வைசராகப் பதவி உயர்வு வந்தது. மகள் லோஷினிக்கு ஆறு வயது. வீட்டில் யாராவது ஒருத்தர் இருந்தாக வேண்டும். காளிதாஸ் இருந்தான்.

கூலாயில் இருந்த வீட்டில் சமைத்தான், துவைத்தான். பள்ளிக்கூட வாசலில் பதினேழு அம்மாக்களுக்கு நடுவில் ஒரே ஆம்பளையாக ஹெல்மெட்டோடு நின்றான். அங்கே நின்ற நாட்களில்தான் இந்த ஆராய்ச்சி யோசனை வந்தது. பகுதிநேரமாகப் படித்து வாங்கிய டிகிரி ஒன்று அலமாரியில் சும்மாதான் கிடந்தது. "ரெண்டு வருஷம் நான் பாத்துக்கிறேங்க. அதுக்கு மேல நீங்க வேலைக்குப் போயாகணும்," என்றாள் வாசுகி. அவள் சொன்னால் சொன்னதுதான்.

அதில் ஒன்றரை வருஷம் ஓடிப்போன ஒரு ஜூலை மாதத்தில், மேற்பார்வையாளர் டாக்டர் அமண்டா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். குளுவாங்கில் பிறந்து வளர்ந்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. மேசையில் அவன் எடுத்த பேட்டிகள் ஒரு கட்டாக இருந்தன.

"காளிதாஸ், பன்னண்டு பேட்டி. பன்னண்டும் படிச்சிட்டேன். பன்னண்டு ஹீரோ. ஒருத்தருக்குக்கூட வாழ்க்கையில வயித்து வலி வந்ததில்ல. இப்படி ஒரு ஊர் மலேசியாவுல எங்க இருக்கு? சொல்லுங்க, நானும் குடி போயிர்றேன்."

காளிதாஸ் தலையைச் சொறிந்தான். மனைவி ஊர்க் கோயில் கூட்டாளிகள்தான் அந்தப் பேட்டிகளில் பேசியவர்கள். ஒவ்வொருவரையும் ஒட்டுக்கடை என்கிற சாலையோரக் கடைக்குக் கூட்டிப்போய், தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, கைத்தொலைபேசியில் பதிவை அழுத்திவிட்டு, எம்பிஏ பாடத்துக்கு என்று சொல்லிச் சம்மதப் பாரத்தை நீட்டுவான். பாரத்தில் ஐசி நம்பர், அதாவது அடையாள அட்டை எண், என்ற கட்டத்தைக் கண்டதுமே ஆளுக்கு முகம் இறுகிவிடும். போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்து, "எல்லாம் ஓகே லா", "குடும்பத்த நல்லா பாத்துக்கிறேன்", "ஆம்பளன்னா தாங்கணும்" என்று மூன்று வாக்கியம் சொல்வார்கள். பதினொரு நிமிஷத்தில் தே தாரிக்கும் தீர்ந்துவிடும், பேட்டியும் தீர்ந்துவிடும்.

"இதுல மோசமானது எது தெரியுமா?" அமண்டா ஒரு தாளை உருவினார். "இது, பன்னண்டாவது பேட்டி, உங்களது. உங்க கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கன்னு சொன்னேன்ல. 'வீட்டு வேலையில் மனைவிக்கு உதவியாக இருக்கிறேன்'னு எழுதியிருக்கீங்க. உதவியா? முழுசும் செய்றது நீங்கதானே?"

காளிதாஸ் அந்தத் தாளை வாங்கி மடித்துக்கொண்டான்.

"செப்டம்பருக்குள்ள உருப்படியா ஒரு அத்தியாயம் வரலன்னா உங்க பேரை எடுத்துருவாங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது. யோசிங்க."

அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் நின்று இதை வாசுகியிடம் சொன்னான். அவள் களைத்துப்போய் வந்திருந்தாள். சோற்றில் கை வைத்தபடியே கேட்டாள். "எங்க அண்ணன்கிட்ட எம்பிஏன்னு அளந்து விட்டது நீங்கதானே? நீங்க ஒரு பொய்ய வச்சிக்கிட்டு அவங்ககிட்ட போயி உண்மை குடுன்னா எப்படிக் குடுப்பாங்க?" காளிதாஸ் ரசக் கரண்டியை எடுத்தான். அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினான்.

ஆகஸ்டில் லாயாங் லாயாங் மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழா. எஸ்டேட்டில் இருந்த கோயில், எஸ்டேட் கைமாறியதும் ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்னதானச் சமையல் அங்கே ஆண்கள் ராஜ்ஜியம். அடுப்பைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். பெண்கள் அந்தக் கயிற்றைத் தாண்டக் கூடாது. வீட்டில் வெந்நீர் வைக்கத் தெரியாது என்று மார்தட்டுகிற மகாராஜாக்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒருநாள் கைலியை மடித்துக் கட்டி, அறுநூறு பேருக்குச் சாம்பார் கிண்டுவார்கள். கிண்டும்போது அவர்கள் முகத்தில் தெரிகிற கம்பீரத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த ராஜ்ஜியத்துக்குத் தலைமைச் சமையல்காரர் செல்லப்பன். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், தொண்டை மட்டும் இன்னும் லோரி ஹாரன்தான். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. அம்மனுக்குப் படையல் போடும்வரை யாரும் ஒரு சொட்டு ருசி பார்க்கக் கூடாது, ஒரு கரண்டி தனியே எடுக்கக் கூடாது. உப்பைக்கூட வாசனை பிடித்தே சொல்வார்.

காலை எட்டு மணி. சாம்பார் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. காளிதாஸ் அடுப்பு அருகே, வாசுகியின் அண்ணன் மனோகரன் அவனுக்கு எதிரே. காய் நறுக்கும் பலகையில் சின்னத்தம்பியும் பிரெட்ரிக்கும். சின்னத்தம்பி செம்பனை லோரி ஓட்டுகிறவன், கதவை அடைத்து நிற்கிற ஆள், கழுத்து வரை பச்சை குத்தியிருப்பான். பிரெட்ரிக் மாதா கோயில் ஆள். கோயில் திருவிழாவுக்கு அவன் இங்கே வந்து வெட்டுவான், மாதா கோயில் திருவிழாவுக்கு இவர்கள் அங்கே போய் வெட்டுவார்கள்.

மிளகாய்த்தூள் சட்டியைச் செல்லப்பன் தூக்கினார். அந்த நேரத்தில் காளிதாஸின் கை தானாகப் போனது. பக்கத்தில் இருந்த கிண்ணத்தை எடுத்து, அண்டாவிலிருந்து இரண்டு கரண்டி சாம்பாரை ஊற்றி, ஒரு தட்டால் மூடி, ஓரமாக வைத்தது. வைத்த பிறகுதான் அவனுக்கே விளங்கியது.

"டேய்!" கோயில் கூரை அதிர்ந்தது. "ஆத்தாளுக்கு முன்னால யாருக்குடா எடுத்து வச்ச?"

காய் வெட்டுகிற சத்தம் நின்றுபோனது. காளிதாஸ் கிண்ணத்தைக் கையால் மறைத்தான். "லோஷினிக்குண்ணே. வீட்ல தினம் காரம் போடறதுக்கு முன்னால அவளுக்கு எடுத்து வைப்பேன். கை பழக்கத்துல எடுத்துட்டேன்."

"தினமா?" மனோகரன் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "அலமாக்! எம்பிஏ-ல இதெல்லாமா சொல்லித் தராங்க? மாப்ள, என் தங்கச்சி வீட்ல என்னதான் பண்றா? கீழ ஊத்துங்கண்ணே எல்லாத்தையும். சாமிக்கு முன்னால எடுத்தது எச்சில்."

அறுநூறு பேர் சாம்பார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றரை வருஷமாக அடக்கிவைத்த ஆத்திரம் காளிதாஸுக்கு அப்போது பொங்கிக்கொண்டு வந்தது. மனோகரன் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் வந்த ஆத்திரம்தான் அதிகம்.

"உங்க தங்கச்சி வேலைக்குப் போறா மச்சான்! சமைக்கிறது நான். துவைக்கிறது நான். பிள்ளைக்குக் காய்ச்சல்னா முழிச்சிருக்கிறது நான். எம்பிஏ-வும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! நம்மள மாதிரி ஆம்பளைங்களப் பத்திதான் படிக்கிறேன். கடையில உக்காந்து நீங்கள்ளாம் பேசுனதக் கொண்டுபோயி குடுத்தேன். எல்லாம் பொய்யின்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அதுல பெரிய பொய் யாருது தெரியுமா? என்னுது! வேல போன அன்னைக்கு நான் கூலாய் பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல உக்காந்து அழுதேன். அத எழுதல. உதவி பண்றேன்னு எழுதுனேன், உதவி!"

கத்தி முடித்தான். போச்சு, மானமும் போச்சு, சாம்பாரும் போச்சு என்று நின்றான்.

செல்லப்பன் மிளகாய்த்தூள் சட்டியைக் கீழே வைத்தார். ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி அண்டாவைச் சுற்றிக் காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிள்ளைக்கு எடுத்ததுன்னு ஆத்தாளுக்குத் தெரியும். அவளும் பெத்தவதான். ஊத்தற பேச்சே கிடையாது," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கரண்டியைக் கையில் எடுத்தார். கிண்டினார். கிண்டிக்கொண்டே, அண்டாவைப் பார்த்தபடி கேட்டார்.

"தம்பி, ஒரு ஆளுக்கு எத்தன பால் டின் அரிசி போடணும்?"

காளிதாஸுக்கு முதலில் புரியவில்லை.

"உங்க அண்ணி மக வீட்டுக்குப் போயி எட்டு மாசமாச்சு. சிகாமாட்ல. இனிமே வர மாட்டேன்னுட்டா. நாப்பது வருஷம் அவ ஆக்கிப் போட்டத ஒருநாள் நல்லாருக்குன்னு சொன்னதில்லையாம். வாஸ்தவந்தான், சொன்னதில்ல. அறுநூறு பேருன்னா எனக்குக் கண்ணளவு போதும். ஒரு ஆளுக்கு எவ்வளவுன்னு தெரியலடா. தினம் பத்து பேருக்கு ஆக்கிட்டு, அக்கம்பக்கத்துல குடுத்துக்கிட்டு இருக்கேன். அவங்க என்னய தர்மப்பிரபுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க."

யாரும் சிரிக்கவில்லை. சின்னத்தம்பி கேரட்டைக் கொஞ்சம் வேகமாக நறுக்கினான்.

"ஒரு டின் தாராளம்ணே," என்றான் காளிதாஸ். "ராத்திரிக்கும் சேத்து."

"ஒரு டின்னா? அவ்வளவுதானா?"

அதற்குப் பிறகு யார் ஆரம்பித்தார்கள் என்று பின்னால் யாருக்கும் சரியாக நினைவில்லை. சின்னத்தம்பி தலை நிமிராமல் சொன்னான், மனைவி வார நாட்களில் சிங்கப்பூர் ஹாஸ்டலில் இருக்கிறாளே, அந்த நேரம் பார்த்து மகள் வயசுக்கு வந்துவிட்டாள், வீட்டில் இவன் மட்டும். "மூணு கடை சுத்துனேன். எதக் கேக்கறதுன்னு தெரியாம ஆறு வகையும் வாங்கிட்டு வந்தேன். பிள்ளை அழறா. கதவுக்கு வெளிய நின்னு நானும் அழறேன்." பிரெட்ரிக் கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டான். தன் மோட்டார் சைக்கிள் பதினான்கு மாதமாக வொர்க்‌ஷாப்பில் இருப்பதாகச் சொல்லிவருவது பொய் என்றான். பாலத்தில் ஒருமுறை வழுக்கி லோரிக்கு அடியில் போகப் பார்த்தானாம். அன்றிலிருந்து ஹேண்டிலைப் பிடித்தால் கை உதறுகிறது. பைக் வீட்டுப் பின்னால் தார்ப்பாய்க்குள் நிற்கிறது, அவன் பஸ்ஸில் போகிறான்.

காளிதாஸுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒட்டுக்கடையில் எதிரெதிரே உட்காரவைத்து முகத்தைப் பார்த்துக் கேட்டபோது வராத பேச்சு, இங்கே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியைப் பார்த்துக்கொண்டு கொட்டுகிறது. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்திருக்கிறது. அதைவிட, முதலில் ஒருத்தன் மானத்தை விட வேண்டியிருந்திருக்கிறது. இவ்வளவு சின்ன விஷயம் தெரியாமல் ஒன்றரை வருஷத்தை வீணடித்த மடையன் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டும்போதே சந்தோஷமாக இருந்தது.

மனோகரன் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டார். "கோயில்ல வந்து பொம்பளைங்க கதை பேசிக்கிட்டு," என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் தாண்டிப் போய்விட்டார். மறுநாளே செய்தி அனுப்பினார், தன் பேட்டியை எடுத்துவிடும்படி. காளிதாஸ் எடுத்துவிட்டான். அது அவர் உரிமை.

மிச்சமுள்ள பத்துப் பேரும் மறுபடி பேசினார்கள். பாத்திரம் கழுவும்போது, குத்துவிளக்கு துலக்கும்போது, லோரி டயர் மாற்றும்போது. ஒவ்வொரு முறையும் காளிதாஸ் முதலில் தன் கதையைச் சொன்னான், பிறகு பாரத்தை நீட்டினான். பாரமெல்லாம் மஞ்சள் கறையும் கிரீஸ் கறையுமாகத் திரும்பி வந்தது. செப்டம்பர் இருபதாம் தேதி அத்தியாயத்தை அமண்டாவின் மேசையில் வைத்தான். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து ஒற்றை வரிச் செய்தி வந்தது: "இப்ப ஆளுங்க தெரியறாங்க. எழுதுங்க." வாசுகி அதை இரண்டு தடவை வாங்கிப் படித்தாள். டிசம்பரில் முழு ஆய்வேட்டையும் கொடுத்தான். வாசுகி கொடுத்த இரண்டு வருஷம் முடிய இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வாய்மொழித் தேர்வு. காளிதாஸ் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தால், தேர்வறைக்கு வெளியே ஒரு வேன் நிறைய ஆள். எல்லோரும் திருவிழா டீ-சட்டையில். காவலாளி மறித்து யார் நீங்கள் என்று மலாயில் கேட்க, சின்னத்தம்பி நெஞ்சை நிமிர்த்தி, "நாங்கதான் அவரோட தீசிஸ்," என்று மலாயிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தான். பெயர் வெளியே வரக் கூடாது என்று ஆய்வேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து மறைத்துவைத்திருந்தான் காளிதாஸ். இவர்களோ போகிற வருகிற மாணவர்களிடமெல்லாம் "நான் மூணாவது ஆளு", "ஏழாவது நான்தான்" என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தார்கள்.

உள்ளே கோலாலம்பூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் போட்டு வறுத்தெடுத்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார். முதல் தடவை இவர்கள் வீரம் நடித்தார்கள் என்கிறீர்கள். இரண்டாம் தடவை உங்களுக்குப் பிடிக்கும் என்று சோகம் நடிக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

அமண்டா தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காளிதாஸ் ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

"முழு ஆதாரம் என்னிடம் இல்லை," என்றான் ஆங்கிலத்தில். "ஆனால் முதல் தடவை எல்லோரும் எனக்குப் பதில் சொன்னார்கள். இரண்டாம் தடவை என்னைக் கேள்வி கேட்டார்கள். நடிக்கிறவருக்கு, ஒரு ஆளுக்கு எத்தனை டின் அரிசி என்று தெரிந்து என்ன ஆக வேண்டும்? அதோடு, நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பாருங்கள். அந்தப் பத்துப் பேரின் பழைய பேட்டிகளோடு என் பழைய பேட்டியையும் வைத்திருக்கிறேன். இருப்பதிலேயே மோசமான பொய் அதுதான். அதை மறைத்திருந்தால் நீங்கள் என்னை நம்பவே கூடாது."

பேராசிரியர் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பிப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். காளிதாஸை வெளியே காத்திருக்கச் சொல்லி, பத்தே நிமிஷத்தில் கூப்பிட்டார்கள். சின்னச் சின்னத் திருத்தங்களோடு தேர்ச்சி.

வெளியே வந்து அவன் வாய் திறக்கும் முன்பே முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். சின்னத்தம்பி அவனைக் கோட்டோடு தூக்கிச் சுற்றினான். செல்லப்பன் போட்ட சத்தத்துக்கு மூன்று மாடியிலும் ஜன்னல் திறந்தது. வாசுகிக்குப் போன் போட்டான். பின்னால் ஃபேக்டரி இரைச்சலோடு அவள் ஓவென்று கத்தினாள். பிறகு, "கெட்டிக்காரருங்க நீங்க," என்று சொல்லி அழுதாள். அவனும் அழுதான், பட்டப்பகலில், அத்தனை பேர் முன்னால், கூச்சமே இல்லாமல்.

கூட்டம் வேனை நோக்கி நகர்ந்தபோதுதான் தூணோரம் மனோகரனைப் பார்த்தான். கம்பெனிச் சட்டை, கையில் ஹெல்மெட். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவர் சிங்கப்பூரில் இருக்க வேண்டிய ஆள்.

"பாஸா மாப்ள?"

"பாஸ் மச்சான்."

மனோகரன் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். கையை எடுக்கவே இல்லை. "நான் பேசணும்."

"தீசிஸ் முடிஞ்சிருச்சு மச்சான்."

"தெரியும். அதுக்கு இல்ல." ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "எனக்கு வேல போயி அஞ்சு மாசமாச்சு. தினம் காலைல சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பி, இங்க ஜேபில ஒரு கார் பார்க்ல உக்காந்திருக்கேன். தனத்துக்குத் தெரியாது. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நீ எப்படி ஆரம்பிச்ச?"

"எங்க ஆரம்பிச்சேன்? கத்துனேன். நீங்களும்தான் பாத்தீங்களே."

"அது மாதிரி என்னால முடியாது."

"மெதுவா சொல்லுங்க. ஆனா இப்பவே சொல்லுங்க மச்சான்."

மனோகரன் அங்கேயே, தூணில் சாய்ந்து, மனைவி தனலெட்சுமிக்குப் போன் போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கர் தட்டுப்பட்டுவிட்டது. வேனுக்கு அருகில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் குரலைத் தணிக்கவில்லை. "தனம், வேல போயி அஞ்சு மாசமாச்சு. உன்கிட்ட சொல்லல."

அந்தப் பக்கம் துணி துவைக்கும் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"தெரியுங்க. எண்ணெய்க் கறையே இல்லாத சட்டைய அஞ்சு மாசமா துவைக்கிறேன். எனக்குத் தெரியாதா?" என்றாள் தனலெட்சுமி. "இன்னைக்காவது சொன்னீங்களே. வீட்டுக்கு வாங்க, சோறு ஆக்கிட்டேன்."

மனோகரன் போனைப் பையில் போட்டார். பிறகு கம்பெனிச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பனியனோடு மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். வேன் பக்கமிருந்து பத்துப் பேரும் கைதட்டினார்கள்.